தீவுக்குச் செல்லும் வலி

பதினோரு வருடமாக
நாலாம் மாடி ஜன்னலில் இருந்து பார்த்த தீவு.
கோப்புகளுக்கு நடுவே கண் ஓடிப்போகும் இடம்.
கட்டை விரலால் மறைத்தால் மறைந்துவிடும்.
மறைத்துப் பார்த்திருக்கிறேன்
கூட்டங்கள் நீளும் நாட்களில்.

இந்த ஞாயிறு, ஏனோ, இறங்கிப் போனேன்.

பேர வாவியின் பச்சை அன்றைக்குக் கொஞ்சம் கெட்டி.
பாசி, டீசல்,
எங்கேயோ பொரிகிற பட்டிஸ்.
துறையில் ஒரு பலகை, மூன்று மொழி.
சிங்களம் வட்டமாய், ஆங்கிலம் நேராய்,
கடைசியில்
பஸ்ஸில் பிந்தி ஏறியவன் போல் ஒடுங்கி நின்றது தமிழ்:
தீவுக்குச் செல்லும் வலி.

எனக்கு இது தொழில்.
அமைச்சின் மொழிபெயர்ப்புப் பிரிவில்
ஒற்று மிகும், மிகாது என்று
சண்டை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்.
இந்தப் பலகையில் ஒற்றுக்கூடப் பிழையில்லை.
ஒரே ஓர் எழுத்து.
வளி என்று விழுந்திருந்தால் மன்னித்திருப்பேன்,
நாங்களும் அப்படித்தானே உச்சரிக்கிறோம்;
காற்று என்று எடுத்துக்கொண்டு ஏறியிருக்கலாம்.

கைப்பையில் கறுப்பு மார்க்கர் இருந்தது.
தொட்டேன். எடுக்கவில்லை.
படகுக்காரன் பந்துல
முந்தின யாரோவின் வியர்வை மணக்கும்
செம்மஞ்சள் ஜாக்கெட்டை நீட்டினான்.

வலி என்ன பெரிய வலி, மூன்று நிமிடம்.
ஒரு சோடி, குடையோடு.
ஒரு தகப்பன், இரண்டு பையன்கள்,
இரண்டு பேருக்கும் ஒரே ஜன்னலோரம் வேண்டும்,
படகில் ஜன்னலே இல்லை.

தீவில் ஒன்றுமில்லை.
மூன்று வாங்கு, பேர் தெரியாத மரங்கள்,
எச்சத்தால் வெள்ளையடித்த கிளைகளில் கூழைக்கடாக்கள்.
பாதையைக் குறுக்கே கடந்தது
ஒரு கபரகொய்யா,
ஓய்வுபெறப் போகிற பணிப்பாளரின் நடை.
மழை இல்லை, ஆனாலும்
அந்தச் சோடி குடையை விரித்து உள்ளே போய்விட்டது.

முன்னொரு காலம் இந்தத் தண்ணீரில்
முதலைகளை விட்டிருந்தார்களாம்,
அடைத்து வைத்த அடிமைகள்
நீந்திப் போய்விடாதிருக்க.
அவர்கள் எந்த மொழியில் வழி கேட்டார்களோ.
அதற்குப் பலகை இல்லை.

திரும்பி என் ஜன்னலைத் தேடினேன்.
நாலாம் மாடி, இடமிருந்து ஏழு.
ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.
வெள்ளிக்கிழமை அணைக்க மறந்திருக்கிறேன்.
பகல் வெளிச்சத்தில், யாருமில்லாத அறையில்,
வேலை செய்துகொண்டிருந்தது அது மட்டும்.
கட்டை விரலைத் தூக்கினேன். மறைந்தது.

வரும்போது நான் மட்டும்தான் பயணி.
பலகையையே பார்ப்பதைப் பார்த்து
பந்துல சிங்களத்தில் கேட்டான்:
"தமிழ் சரிதானே, மிஸ்? நான்தான் எழுதினேன்."
கயிற்றுக்கடைப் பையன் போனில் அனுப்பியதாம்.
போன் கண்ணாடி வெடித்தது
சரியாக அந்த எழுத்துக்கு மேலேயாம்.
பக்கத்துச் சொல்லில் இருந்து ஒன்றை
இரவல் எடுத்து ஒட்டினானாம்.

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
பதினோரு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.
ஈர இருக்கையில் விரலால் எழுதிக் காட்டினேன்: ழ.
தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
"துறையில் கயிறு கட்டுகிற முடிச்சு" என்றான்.
"பெயின்ட் மிச்சம் இருக்கிறது."

அடுத்த ஞாயிறு போனேன்.
கறுப்பு இன்னும் காயாமல் மினுங்கியது.
அவன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.
தீவுக்குச் செழ்ழும் வழி.

தூரத்திலிருந்தே பந்துல
கட்டை விரலைத் தூக்கினான்.
மார்க்கரைக் கைப்பையின் அடியில் தள்ளிவிட்டு
நானும் தூக்கினேன்.
டிக்கெட் எடுத்தேன்.
இந்தத் தரம்
லைட்டை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.